இசையின் விலையும் தட்டின் விலையும்

ஒரு பொருளின் விலை ஏறினால் அதன் மதிப்பும் ஏறிவிட்டது என்று கொள்வது உலக வழக்கு. இவ்வழக்கு எல்லாவிடத்தும் பொருந்துமா என்ற ஐயத்தை எழுப்பும் சந்தை ஒன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் ஏலச் சந்தையே அது.

சான்றாக ஒன்றை நோக்குவோம். 1957ஆம் ஆண்டில் ஹாங்க் மோப்ளி என்ற சக்ஸபோன் கலைஞர், நியூயோர்க்கின் 'புளூ நோட்' கம்பனிக்காக ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். சேகரிப்போர் அதனை 1568 என்ற இலக்கத்தாலேயே அறிவர். வெளிவந்த காலத்தில் கடையில் ஏறத்தாழ ஐந்து டொலருக்குக் கிடைத்த தட்டு அது. அண்மைக் காலத்தில் அதன் முதற்பதிப்புப் பிரதிகள் ஏலத்தில் பத்தாயிரம் டொலரைத் தாண்டியும் விலைபோயிருக்கின்றன. அதனை வாசித்த மோப்ளியோ, 1970களின் நடுப்பகுதியில் நுரையீரல் நோயினால் வாத்தியத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் வறுமையிலும், நிலையான வீடின்றியும் வாழ்ந்து, 1986ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் காலமானார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குவோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. ஏலம் ஏற்றிவிடும் இவ்விலை எதனுடைய விலை? இசையின் விலையா, அன்றி இசை பொறிக்கப்பட்ட தட்டின் விலையா? இரண்டும் ஒன்றல்ல என்பதும், சேகரிப்போர் இவ்வேறுபாட்டை மறக்கும்போது அவர்தம் பணி பொருளற்றதாகிவிடும் என்பதும் எமது கருத்து.

ஜாஸ் இசை எமது நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக்கும், 1963ஆம் ஆண்டில் டியூக் எலிங்டனும் அமெரிக்க அரசின் அனுசரணையுடன் தத்தம் குழுவினரோடு இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றனர். ஆயினும் அவ்விசையின் இயல்பை ஒரு சொல்லில் எடுத்துரைப்பது இங்கு வேண்டற்பாலது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இவ்விசைக்கு, தாளில் எழுதிவைத்த சுரக் குறிப்பு எலும்புக்கூடு மாத்திரமே. வாசிக்கும் அக்கணத்தில் பிறக்கும் கற்பனையே அதன் உயிர். மனோதர்மம் என்ற சொல்லை அறிந்த எம் வாசகர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இன்று வாசித்தது நாளை அவ்வாறே வாராது. ஆகவே ஜாஸ் இசைக்கு ஒலிப்பதிவே மூலபாடம். தட்டு அழிந்தால் நூலின் பிரதி அழிந்ததாகாது, நூலே அழிந்ததாகும்.

இத்தகைய மூலபாடங்களை அவற்றை உண்டாக்கியவர்கள் எவ்வாறு பேணினர் என்பது வருத்தந்தரும் வரலாறு. ஜாஸ் என்ற பெயருடன் முதன்முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல். அதனை வாசித்தவர்கள் வெள்ளையர் குழுவினர். கறுப்பினக் கலைஞரான கிங் ஒலிவர் தம் குழுவினருடன் பதிவுக்கூடத்துள் நுழைந்தது 1923ஆம் ஆண்டிலேயாம். இளைஞராயிருந்த லூயி ஆம்ஸ்ட்ரோங் அக்குழுவில் இரண்டாவது கோர்னெற் வாசித்தார். இண்டியானா மாநிலத்தின் றிச்மண்ட் என்னும் ஊரில், புகையிரதப் பாதையின் அருகே இருந்த ஜெனற் கம்பனியின் கூடம் அது. வண்டி கடந்து செல்லும்வரை பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. ஜெனற், ஒரு பியானோக் கம்பனியின் கிளை. அக்காலத்தில் கறுப்பினக் கலைஞரின் தட்டுகளைப் பெருந்தொகையாக வெளியிட்ட பரமவுண்ட் என்ற மற்றொரு ஸ்தாபனமோ, விஸ்கொன்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பனி ஒன்றின் கிளை. மரப்பெட்டி செய்து கிராமபோன் விற்றவர்கள், அப்பெட்டிக்குத் துணைச்சரக்காகவே தட்டையும் விற்றனர். 1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்து வியாபாரம் நொடித்தபோது, பரமவுண்டின் மூல உலோக அச்சுகள் பழைய உலோகமாகக் கழிக்கப்பட்டன.

அத்துடன் முடியவில்லை. அந்நாளைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்கோ இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போக வேண்டிய பொருள். இரண்டாம் உலகப் போரின்போது கப்பற் போக்குவரத்துத் தடைப்படவே, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கின் அளவைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதிய தட்டு வார்த்தனர். எத்தனை அரிய பதிவுகள் அந்த உலையில் மறைந்தனவோ யார் அறிவர்? ஒலிவர் குழுவினர் ஜெனற்றுக்காக 1923இல் பதிவு செய்த ஒரு தட்டுக்கு, உலகில் ஒரேயொரு பிரதியே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது.

எனவே இத்தட்டுகளின் அருமை முத்தின் அருமை போன்றதன்று. முத்து இயற்கையிலேயே அரிது. இவையோ புறக்கணிப்பினால் அரியவாயின. இன்று பல்லாயிரம் டொலர் கொடுப்பவர், அன்றைய அலட்சியத்துக்கான அபராதத்தையே செலுத்துகிறார் எனலாம். அபராதம் உரியவரைச் சென்று சேராமை வேறு கதை.

இந்த அலட்சியத்துக்கு எதிராக முதலில் எழுந்தவர்கள் சேகரிப்போரே. இதனை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். அக்காலத் தட்டுகளிற் பலவற்றில் குழுத்தலைவரின் பெயர் மாத்திரமே அச்சாகியிருக்கும்; எக்காளம் ஊதியவர் யார், முழவு தட்டியவர் யார் என்பதை எவரும் குறித்துவைக்கவில்லை. சங்கச் செய்யுள்களைத் தொகுத்த சான்றோர், இயற்றியவர் பெயர் தெரியாதவிடத்து, அவர்தம் பாட்டின் அழகிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கியதை நாம் அறிவோம். இங்கும் அத்தகைய பணி வேண்டியிருந்தது. பாரிஸ் நகரின் சார்ள்ஸ் டெலோனே என்பவர், ஒவ்வொரு தட்டிலும் யார் எதை வாசித்தார் என்பதைத் தேடித் தொகுத்து 1936இல் ஒரு பதிவு அட்டவணை வெளியிட்டார். நியூயோர்க்கில் இசைத்தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளர், கம்பனிகள் கைவிட்ட பதிவுகளை மறுபதிப்புச் செய்தார். வாசித்த கலைஞர் எல்லோருடைய பெயரையும் தட்டில் அச்சிட்டார். பெருங்கம்பனி ஒன்று வெளியிட மறுத்த, கறுப்பின மக்களைக் கொன்று மரத்தில் தூக்கும் கொடுமையைப் பாடும் பாடலை, 1939இல் பிலீ ஹொலிடேயின் குரலில் வெளிக்கொணர்ந்ததும் இந்தக் கடைக்காரரின் சிறு கம்பனியே.

சேகரிப்போரின் செயல்களில் எம் உள்ளத்தை மிகவும் கவர்வது பங்க் ஜோன்சனின் வரலாறு. 1930களின் இறுதியில், ஜாஸ் இசையின் தொடக்கத்தை ஆராய்ந்து நூலொன்றை ஆக்கிக்கொண்டிருந்த சேகரிப்போர் சிலர், பழைய கலைஞரிடம் எல்லாம் சென்று கேள்வி கேட்டனர். அவர்களுடைய தேடல், லூசியானா மாநிலத்தின் நியூ ஐபீரியா என்னும் சிற்றூரில் கூலி வேலை செய்துவந்த ஒரு முதியவரிடம் சென்று முடிந்தது. அவரிடம் வாத்தியம் இல்லை. ஊதுவதற்குப் பல்லும் இல்லை. தேடிச் சென்றவர்கள் தமக்குள் பணம் சேர்த்தனர். சிட்னி பெஷே என்ற புகழ்பெற்ற கலைஞரின் சகோதரர் ஒரு பல் வைத்தியர். அவர் செயற்கைப் பல் கட்டிக்கொடுத்தார். ட்ரம்பெற் ஒன்றும் வாங்கிக்கொடுத்தனர். பங்க் ஜோன்சன் மீண்டும் வாசித்தார். 1942இல் அவருடைய வாசிப்பு முதன்முறையாகத் தட்டில் பதிவாகியது. 1949இல் காலமாகும்வரை அவருக்குக் கிடைத்த புகழ் அந்தப் பல்லினால் வந்த புகழ். தட்டைத் தேடிச் சென்றவர்கள் மனிதனைக் கண்டெடுத்தார்கள். சேகரிப்பு என்ற செயலுக்கு இதனினும் உயர்ந்த இலக்கணம் வேண்டுமோ?

ஆனால் சேகரிப்போர் எல்லோரும் இவ்வாறு நடந்தனர் என்று கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று, பரணிற் கிடந்த தட்டுகளைச் சில சதங்களுக்கு வாங்கிவந்தோரும் பலர். விற்றவர் ஏமாற்றப்பட்டார் என்று எல்லாவிடத்தும் சொல்ல முடியாது. அன்று அத்தட்டுக்கு வேறு விலையும் இருக்கவில்லை. எனினும், அன்று சதங்களாகக் கைமாறிய பொருள் இன்று ஆயிரங்களாகக் கைமாறும்போது, முதலில் அதனைக் காசு கொடுத்து வாங்கி, கேட்டு மகிழ்ந்து, உடையாமல் வைத்திருந்த குடும்பத்தின் பெயர் எந்த ஏல அட்டவணையிலும் வருவதில்லை.

இனி, இன்றைய சந்தையின் போக்கைக் கவனிப்போம். அதன் நடுநாயகமாக விளங்குவன புளூ நோட் தட்டுகள். 1939இல் இக்கம்பனியைத் தொடங்கியவர் ஜேர்மனியிலிருந்து வந்த அல்பிரட் லயன். அவ்வாண்டிலேயே அவருடன் இணைந்தவர் அவருடைய பெர்லின் நண்பர் பிரான்சிஸ் வூல்ஃப். கலைஞர் ஒத்திகை பார்க்கும் நேரத்துக்கும் ஊதியம் கொடுத்த கம்பனி என்ற நற்பெயர் அதற்கு உண்டு. 1950களில் அதன் பதிவுகள் பெரும்பாலும் நியூஜேர்சியின் ஹக்கன்சாக் என்னும் ஊரில், கண் பரிசோதகராய்த் தொழில் பார்த்த றூடி வான் கெல்டர் என்பவரது பெற்றோரின் வீட்டு முன்கூடத்தில் நிகழ்ந்தன. சிறிய கம்பனி, சிறிய தொகையான பிரதிகள், 1966இல் அது வேறொரு கம்பனிக்குக் கைமாறியது. எனவே அதற்கு முந்திய முதற்பதிப்புகளே சேகரிப்போரின் வேட்டைப் பொருளாயின.

முதற்பதிப்பை எவ்வாறு அறிவது? தட்டின் நடுத்தாளில் அச்சாகியுள்ள கம்பனி விலாசம் லெக்சிங்டன் அவெனியூவா, மேற்கு 63ஆம் தெருவா என்று பார்க்க வேண்டும். நடுத்தாளைச் சுற்றி ஆழ்ந்த வட்டப் பள்ளம் உண்டா என்று தடவ வேண்டும். இசை முடிந்த பின்னுள்ள வெற்றுப் பரப்பில் வான் கெல்டரின் பெயர் எழுத்துகளும், தட்டை வார்த்த ஆலையின், காது போன்ற வடிவமுள்ள சிறு அடையாளமும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று வெளிச்சத்திற் சாய்த்து நோக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் ஒரு விலை. ஒன்று குறைந்தால் வேறு விலை. ஏட்டுச் சுவடியின் காலத்தைக் கணிக்கும் அறிஞரின் நுட்பம் இதிலும் உண்டு. இந்நுட்பத்தை நாம் இகழவில்லை. முன்னர் தபால் மூலமும் சஞ்சிகைப் பட்டியல்கள் மூலமும் நடந்த இவ்வியாபாரம், 1990களின் பிற்பகுதியிலிருந்து இணையத்துக்கு மாறியது. ஒஹாயோவின் ஒரு பரணிற் கிடைத்த தட்டுக்கு டோக்கியோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒரே இரவில் விலை கேட்கக்கூடியதாயிற்று. முடிந்த ஏலங்களின் விலைகள் எல்லோரும் பார்க்கத் திரட்டி வைக்கப்பட்டன. நேற்றைய விலையே இன்றைய ஆரம்ப விலையாயிற்று. இதற்கிடையில் வினைல் தட்டின் மீது பொதுமக்களுக்கும் மோகம் மீண்டது; 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. விலை ஏறியதற்கு இவை போதிய காரணங்களாம்.

இச்சந்தையில் ஒரு விந்தை உண்டு. தட்டின் மீது கீறல் விழுந்தால் விலை சரியும். ஊசி படாத தட்டுக்கே உச்ச விலை. அன்பு மிகுதியால் நூறு முறை கேட்கப்பட்ட தட்டு மலிவானது. வாங்கி வைத்து மறந்துபோன தட்டு பெறுமதி மிக்கது. எவருக்கு அவ்விசை வாழ்வின் துணையாக இருந்ததோ அவருடைய பிரதி கழிவுப் பொருள். எவருக்கு அது ஒன்றுமே இல்லாமற் போயிற்றோ அவருடைய பிரதி புதையல். கேட்கப்படுவதற்காகவே பிறந்த பொருளின் பெறுமதி, கேட்கப்படாமையால் அளக்கப்படுகிறது. தட்டின் விலை இசையின் விலையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்விலையில் கலைஞருக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஒருமுறை விற்கப்பட்ட பிரதியை அடுத்தடுத்து விற்பவர் கலைஞருக்கோ அவர்தம் குடும்பத்துக்கோ எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஓவியர் விடயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் வேறு விதி செய்தது. ஓர் ஓவியம் கலை வணிகர் மூலமாகவோ ஏலத்திலோ மறுமுறை விற்கப்படும்போது, விலையில் ஒரு சிறு பங்கு ஓவியருக்கோ அவர்தம் வாரிசுக்கோ செல்கிறது. இசைக் கலைஞருக்கு அத்தகைய விதி இல்லை. அவருக்குப் பயன் கிடைப்பது மறுபதிப்பினாலேயே.

லைப்சிக் நகரிற் பிறந்து 1955இல் நியூயோர்க் வந்த யூட்டா ஹிப் என்ற பியானோக் கலைஞரின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. 1956இல் புளூ நோட்டுக்காக அவர் வாசித்த தட்டுகள் இன்று சேகரிப்போர் கண்ணுக்குப் பொன். அவரோ சில ஆண்டுகளில் இசையைத் துறந்து, நியூயோர்க்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தார். அவர் எங்கிருக்கிறார் என்பது தெரியாமையால் மறுபதிப்புப் பங்குத்தொகையைக் கம்பனி பல ஆண்டுகளாக அவரிடம் சேர்க்க முடியாதிருந்தது; இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேதான் அது அவரைச் சென்றடைந்தது. அவர் 2003இல் மறைந்தார்.

டீனா புரூக்ஸ் என்ற சக்ஸபோன் கலைஞருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1958 முதல் 1961 வரை அவர் தலைமையில் நான்கு தட்டுகளுக்கான இசை பதிவாகியது. அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்தது ஒன்றே. 1974இல், 42ஆம் வயதில் அவர் இறந்தார். 1985இல் சிறு கம்பனி ஒன்று அவருடைய பதிவுகள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது. வாழ்நாளில் வெளிவந்த அந்த ஒரே தட்டின் முதற்பதிப்புக்கு இன்று ஆயிரக்கணக்கான டொலர் கேட்கிறார்கள். ஆனால் அவருக்குப் புகழ் தேடிக்கொடுத்தது ஏலமன்று; பதிவறையில் உறங்கிய நாடாக்களைத் தேடி எடுத்து எல்லோரும் கேட்கச் செய்த மறுபதிப்பே.

எம் கருத்துக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். "விலை இருந்தமையாலன்றோ இத்தட்டுகள் பிழைத்தன? பெறுமதி இல்லாதபோது உருக்கினார்கள், பெறுமதி வந்தபின் பட்டுத்துணியிற் சுற்றி வைக்கிறார்கள்" என்பர். இத்தடையில் உண்மை உண்டு. 2008ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி, கலிபோர்னியாவில் யூனிவேர்சல் கம்பனியின் களஞ்சியத்தில் தீப்பற்றியபோது மூல நாடாக்கள் அழிந்தன. எவ்வளவு அழிந்தது என்பது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டாயினும், பெருங்கம்பனியின் காவல் மாத்திரம் போதாது என்பது தெளிவாயிற்று. ஜோன் கொல்ட்ரேன் 1963 மார்ச்சில் பதிவு செய்து வெளிவராமற் போன இசை, கம்பனியிடம் மூல நாடா இல்லாத நிலையில், அவருடைய முதல் மனைவியின் குடும்பத்தார் வைத்திருந்த பிரதியிலிருந்து 2018இல் வெளிவந்தது. அவர் 1961இல் ஒரு நியூயோர்க் அரங்கில் வாசித்தது, அந்நகரப் பொது நூலகத்தின் சேகரத்திற் கண்டெடுக்கப்பட்டு 2023இல் வெளிவந்தது. ஆக, காப்பாற்றியவை வீடும் நூலகமும். இரண்டிலும் அது பிழைத்தது ஏல விலைக்காக அன்று. எவரோ அதனை எறியாதிருந்தமையால். பிழைத்தபின் அது பயன்பட்டதோ, திறந்து கொடுத்தமையால்.

இங்கேதான் எம் வேண்டுகோள் பிறக்கிறது. அரிய தட்டை விலைகொடுத்து வாங்குவது குற்றமன்று. வாங்கியபின் அதனைப் பெட்டியுட் பூட்டி, விலை ஏறும் நாளை எதிர்பார்த்திருப்பதே குறை. உலகில் ஒன்றிரண்டு பிரதிகளே எஞ்சியுள்ள தட்டை உடையவர், சொத்துக்காரர் மாத்திரமல்லர், தருமகர்த்தாவும் ஆவர். அதன் ஒலியை நன்கு பிரதிசெய்து பொதுக் காப்பகம் ஒன்றுக்கு அளிப்பதால் அவருடைய தட்டின் விலை ஒரு சதமும் குறையாது. 1952இல் ஓர் அறிஞரின் தனிச் சேகரத்திலிருந்து தோன்றி, பின்னர் நியூஜேர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஜாஸ் ஆய்வு நிலையம் இவ்வழிக்கு நல்ல முன்மாதிரி. சட்டமும் இப்போது ஓரளவு துணைநிற்கிறது. 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, 1923ஆம் ஆண்டில் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி முதலாந் திகதி பொதுவுடைமையாயின. கிங் ஒலிவரும் ஆம்ஸ்ட்ரோங்கும் புகையிரதப் பாதையருகே அவ்வாண்டில் வாசித்து வெளியிட்டவற்றை எவரும் பிரதிசெய்யலாம், பரப்பலாம். ஒரேயொரு பிரதியை வைத்திருப்பவர் மறைத்து வைத்தாலோ, அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இரண்டாவது வேண்டுகோள், ஓவியருக்குக் கிடைத்த நீதி இசைக் கலைஞருக்கும் கிடைக்க வேண்டும் என்பது. பத்தாயிரம் டொலர் ஏலத்தில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, கலைஞரின் குடும்பத்துக்கோ முதிய கலைஞரின் பராமரிப்புக்கோ செல்வதால் எந்தச் சேகரிப்பாளரும் வறியவராகிவிட மாட்டார். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பங்க் ஜோன்சனுக்குப் பல் கட்டிக்கொடுக்கும்படி எந்தச் சட்டமும் அன்று கூறவில்லை.

எம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், ஏலக் கூடத்தில் எமக்கு வேலை இல்லைதான். அரிய பதிவுகளிற் பல இன்று நாற்பது டொலருக்கும் குறைந்த மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. இணையத்தில் அதுவும் இன்றிக் கேட்கலாம். மோப்ளியின் வாசிப்பு பத்தாயிரம் டொலர்த் தட்டிலும் அதேதான், மறுபதிப்பிலும் அதேதான். விலையைக் கண்டு வியக்கும் செய்திகளைப் படிக்கும்போது, அத்தட்டில் வாசித்தவர் யார், எவ்வாறு வாழ்ந்தார் என்றும் விசாரித்து, அரைமணி நேரம் ஒதுக்கி அதனைக் கேட்டும் பார்ப்பதே எம்மால் ஆவது. தமிழில் ஏலம் எடுப்பதற்கும் கேட்டல் என்ற சொல்லே வழங்குகிறது. இசையை நுகர்வதற்கும் அச்சொல்லே வழங்குகிறது. முதலாவது கேட்டல் செல்வர் சிலருக்கே இயலும். இரண்டாவது எல்லோருக்கும் இயலும். கலைஞன் எதிர்பார்த்ததும் இரண்டாவதையே.